எண்ணெய்க்குள் குதிக்கும் துளிகள்

பிள்ளைகளா, இந்த முறை சமையல்கட்டுச் சாமான்களே போதும். சின்னக் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைப் போடுங்கள். அதன்மேல் அரைக் கிளாஸ் தேங்காயெண்ணெயை மெதுவாக ஊத்துங்கள். (எண்ணெய் விற்கிற விலைக்கு அதுவே போதும்!) நம்ம மலைக் குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் போத்தலைச் சுடுதண்ணியில் வையுங்கள், இளகிவிடும்.

இனி வினாகிரியில் கொஞ்சம் பீட்ரூட் சாறு கலந்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். துளி எண்ணெயோடு சேராது. எண்ணெயைவிடப் பாரமானபடியால் அடிக்குப் போகும். அப்பச்சோடாவில் பட்டதும் நுரைக்கும். அப்போது வருவது காபனீரொட்சைட்டு வாயு. குமிழி துளியையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். வாயு வெளியேறியதும் துளி திரும்ப விழும். கிளாசை மூடக்கூடாது. மண்ணெண்ணெயில் இதைச் செய்யவே கூடாது.

துளி அடிக்குப் போவதை அம்மாமாரும் பார்க்கட்டும். பொரிக்கும் தாச்சியில் தீப்பிடித்தால் நாம் தண்ணியைத்தானே தேடுகிறோம்? அந்தத் தண்ணியும் இப்படித்தான் எண்ணெய்க்கு அடியில் போகும். போன உடனே ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியடிக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ அங்கேயே நிற்குமா? தாச்சியைத் தூக்காதீங்க. மூடியை ஓரத்திலிருந்து தள்ளி மூடுங்கள். பிறகு விறகை இழுங்கள். நன்றாக ஆறும்வரை திறக்க வேண்டாம்.