வாகன மோட்டர் வியாபாரத்தில் கைமுதல் எங்கே முடங்குகிறது?

சென்ற மாதம் சாவகச்சேரியில் எனது கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபரில் நாம் ஊரைவிட்டு வெளியேற்றப்படும் முன்பு எனது வாப்பாவின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரராக இருந்தவரின் பேரன். இப்போது திரும்பி வந்து கண்டி வீதியோரம் சிறியதோர் உதிரிப்பாகக் கடை திறந்திருக்கிறார்.

"நானா, புத்தளத்துக் காணிய வித்த காசு பதினைஞ்சு லட்சம் கையில இருக்கு. இனி எல்லாம் கரண்ட் வாகனம்தான் எண்டு சொல்றாங்க. சீனாவுல இருந்து மின் ஓட்டோ மோட்டர் ஒரு தொகை எடுத்துப் போட்டா என்ன?" என்று கேட்டார்.

உம்மாவின் பெயரில் இருந்த காணி அது. கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் தம்பி என்று அனுப்பிவிட்டேன். இதே கேள்வியை வவுனியாவிலும் மன்னாரிலும் நம்மவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். வாகன மோட்டர் என்றதும் மின்காரின் சில்லைச் சுற்றும் பெரிய மோட்டரே பலருக்கு நினைவில் வருகிறது. சந்தை அது மட்டுமல்ல. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களில் ஸ்டார்ட்டர், வைப்பர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மோட்டர்களே இருந்தன. இன்றைய சாதாரண ஜப்பான் காரில் முப்பது நாற்பது மோட்டர்கள் இருக்கும். கதவுக் கண்ணாடி ஏற்ற ஒன்று, கதவைப் பூட்ட ஒன்று, பக்கக் கண்ணாடியை மடிக்க ஒன்று, றேடியேற்றர் ஃபானுக்கு ஒன்று, ஏ.சி. ஊதுகுழலுக்கு ஒன்று, கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு ஒன்று, ஸ்டியரிங்கை இலகுவாக்க ஒன்று. விலையுயர்ந்த கார்களில் நூறையும் தாண்டும்.

இந்தச் சின்ன மோட்டர்களை வைத்தே உலகப் பெயர் எடுத்த கம்பனிகள் உண்டு. ஜப்பானின் மபுச்சி கம்பனி 1954 இல் தொடங்கியபோது விளையாட்டுப் பொருட்களுக்கே மோட்டர் செய்தது. விளையாட்டுப் பொருள் வியாபாரம் பண்டிகைக் காலத்தில் ஏறும், மற்ற நாளில் படுத்துவிடும். வாங்குபவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு கேட்டார்கள். கம்பனி என்ன செய்தது? கேட்ட அளவெல்லாம் செய்வதை விட்டுவிட்டு, சில அளவுகளை மட்டும் தரமாக வைத்து, அவற்றை வருடம் முழுக்கச் செய்து மலிவாகக் கொடுத்தது. இன்று கதவுப் பூட்டுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் போகும் மோட்டர்களில் பெரும்பங்கு அவர்களுடையது. தூரத்தில் போக வேண்டியதில்லை, சென்னை தாம்பரம் ஏற்றுமதி வலயத்தில் இகராஷி என்ற கம்பனி, எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்துவிடும் வால்வுக்கான மோட்டர்களைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. பாடியில் இருக்கும் லூக்காஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டரும் ஓல்டர்னேட்டரும் நம் ஊர் லொறிக்காரர்களுக்குப் புதிதல்ல.

இனிப் பெரிய மோட்டருக்கு வருவோம். ஸ்டார்ட்டரில் காபன் புரஷ் தேயும், ஆமேச்சர் கருகும், புஷ் உருளும். ஆகவே நமக்கு வேலை வரும். மின்காரிலும் மின் ஓட்டோவிலும் உள்ளவை புரஷ் இல்லாத மோட்டர்கள். உள்ளே தேய்வதற்குப் பெயாரிங்கைத் தவிர வேறொன்றும் கிடையாது. நமது தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டரும் புரஷ் இல்லாததுதான். அதை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

நிசான் லீஃப் கார் நல்ல உதாரணம். 2015 வரை வரிச் சலுகை இருந்த காலத்தில் அது இலங்கைக்குப் பெருமளவில் வந்தது. 80 கிலோவாட் மோட்டர், 24 கிலோவாட் மணி பற்றரி. பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லாததால் நமது வெயிலில் அது தேய்ந்தது, ஓடும் தூரம் சுருங்கியது, காரின் விலையும் விழுந்தது. ஆனால் மோட்டர் கெட்டது என்று புலம்பிய லீஃப் சொந்தக்காரரை நான் சந்திக்கவில்லை. பற்றரி செத்த காரை உடைத்தபோது நல்ல மோட்டர்கள் வெளியே வந்தன. வாங்கத்தான் ஆளில்லை. கெடாத சாமானுக்கு எங்கிருந்து வாடிக்கையாளர் வருவார்?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. இடையில் 2022 இல் எரிபொருள் நெருக்கடி. கியூ.ஆர். அட்டை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். அந்த நாட்களில் மின் வாகனத்தைக் கண்டு ஏங்காத ஓட்டோக்காரர் இல்லை. பெற்றோல் ஓட்டோவை மின்னுக்கு மாற்றும் முன்னோடித் திட்டமும் அப்போது பேசப்பட்டது. அந்த ஏக்கத்தை வைத்துத்தான் இன்றும் பலர் கணக்குப் போடுகிறார்கள். ஏக்கம் வேறு, கேள்வி வேறு. கடைக்கு வந்து காசு எண்ணி வைப்பதே கேள்வி.

மின் வாகனத்துக்கு நமது நாட்டில் உற்பத்தி வரி அறவிடுவது மோட்டரின் கிலோவாட்டை வைத்து. வலு கூடக் கூட வரி வீதமும் கூடும், அதில் 100 கிலோவாட் ஓர் எல்லை. 2025 நடுப்பகுதியில் வந்த பி.வை.டி. கார்கள் பலவற்றைச் சுங்கம் தடுத்து வைத்தது நினைவிருக்கும். 100 கிலோவாட் என்று காட்டப்பட்ட மோட்டர் 150 கிலோவாட்டா என்பதே தகராறு. இறக்குமதியாளர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். வங்கி உத்தரவாதத்தின் பேரில் விடுவிக்கச் சுங்கம் இணங்கியது. யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலையல்ல. நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரே இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் மோட்டரை கொன்ட்ரோலரில் உள்ள மென்பொருளால் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆகவே தகட்டில் அடித்திருக்கும் இலக்கத்தை மட்டும் பார்த்து மோட்டர் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அத்தனை பெரிய கம்பனிக்கே வங்கி உத்தரவாதம் தேவைப்பட்டது. பதினைந்து இலட்சக்காரர் துறைமுகத்தில் ஒரு மாதம் மாட்டினால் தாமத வாடகையே முதலைத் தின்றுவிடும்.

அடுத்தது காந்தம். இவ்வகை மோட்டர்களில் பெரும்பாலானவற்றின் உயிர் நியோடிமியம் காந்தத்தில் இருக்கிறது. அது சூட்டில் பலம் இழக்காதிருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் என்ற அரிய உலோகங்களைச் சிறிதளவு சேர்ப்பார்கள். இவற்றைச் சுத்திகரிப்பதிலும் காந்தமாக்குவதிலும் சீனாவே பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் கையில் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் ஏழு உலோகங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று சீனா கட்டுப்பாடு போட்டது. ஜூலையில் இந்தியாவின் பஜாஜ், காந்தம் இல்லாமல் மின் வாகன உற்பத்தியைக் குறைக்க நேரும் என்று சொன்னது. இந்திய அரசு நவம்பரில் 7,280 கோடி ரூபாவில் காந்த உற்பத்தித் திட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. காந்தமே இல்லாத மோட்டர், சாதாரணக் கறுப்புக் காந்தம் போட்ட மோட்டர் என்று வேறு வழிகளும் தேடப்படுகின்றன. அதாவது, இன்று நீங்கள் வாங்கி அடுக்கும் மோட்டரின் அமைப்பே மூன்று நான்கு வருடத்தில் மாறலாம்.

(புல்மோட்டை மணலைப் பற்றி ஒரு சொல். இல்மனைற், ரூட்டைல், சிர்கோன் ஆகியவற்றுடன் அங்கே சிறிதளவு மொனசைற்றும் உண்டு. இந்த அரிய உலோகங்கள் அதற்குள்ளேதான் இருக்கின்றன. நாம் மணலை மணலாக விற்றுவிட்டு, அது போன்ற மணலில் பிறந்த காந்தத்தை மோட்டருக்குள் வைத்து டொலர் கொடுத்து வாங்குகிறோம். இதை இன்னொரு வாரம் விரிவாக எழுத எண்ணம்.)

இனிக் கணக்கு. ஒரு பேச்சுக்கு இலக்கங்களைப் போடுகிறேன், விலைப்பட்டியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் இலட்சம் ரூபாவுக்கு ஒரு பெரிய மோட்டர் வாங்குகிறீர்கள். 30,000 இலாபம். ஆனால் விற்க இரண்டு வருடம் ஆகிறது. வருடத்துக்கு 15,000. அதே இலட்சத்துக்கு ஸ்டார்ட்டர், ஃபான் மோட்டர், வைப்பர் மோட்டர் என்று 10,000 ரூபாப் படி பத்துச் சாமான் வாங்குகிறீர்கள். ஒன்றுக்கு 2,000 தான் இலாபம். இரண்டு மாதத்தில் விற்றுத் திரும்ப வாங்கினால் வருடத்துக்கு ஆறு சுற்று, 120,000 ரூபா. முதல் ஒன்றுதான், சுற்றுத்தான் வேறு.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனெனில் நானே மாட்டியவன். சில வருடங்களுக்கு முன் பஞ்சிகாவத்தையில் ஒருவர் மலிவு என்று சொன்னதைக் கேட்டு ஒரு வேன் மொடலுக்கான ஸ்டார்ட்டர் இருபத்தைந்தை மொத்தமாக அள்ளி வந்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, தென்மராட்சியில் ஓடும் அந்த வேன்களில் பல்லின் எண்ணிக்கை வேறு. பதினெட்டு இன்னும் மேல் தட்டில் தூசி பிடித்து இருக்கின்றன. அன்றிலிருந்து வாகனத்தின் பெயரைக் கேட்டு நான் சாமான் வாங்குவதில்லை. பழையதைக் கழற்றி வரச் சொல்லி, பாக இலக்கம், பல், துளை, சுற்றும் பக்கம் நான்கையும் கொப்பியில் எழுதிய பிறகே கொழும்புக்கு அழைப்பேன். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்காமல் சாவகச்சேரிச் சந்தையில் யாரும் வாங்குவதில்லையே.

சின்ன மோட்டர்களிலும் மாற்றம் வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. நம் பகுதியில் நிறைய ஓடும் சுசுகி வேகன் ஆர் காரை எடுங்கள். 2014 இன் பின் வந்த பலவற்றில் பெல்ட்டில் ஓடும் ஒரே பாகம் ஓல்டர்னேட்டராகவும் ஸ்டார்ட்டராகவும் வேலை செய்கிறது. காலையில் முதல் தடவை பழைய ஸ்டார்ட்டரே எஞ்சினைக் கிளப்பும். சந்தியில் நின்று மீண்டும் எடுக்கும்போது பெல்ட் மோட்டர் கிளப்பும். பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டர் மின்சாரம் செய்து பற்றரிக்கு அனுப்பும். மோட்டரைச் சுற்றினால் மின்சாரம் வரும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மின்சாரமே இல்லாதிருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். இந்தப் பாகத்தின் பெயாரிங், பெல்ட் எல்லாம் இனி நமக்கு ஓடக்கூடிய சரக்கு.

மின் ஸ்கூட்டரும் மின் ஓட்டோவும் கடைக்கு வராமல் இல்லை. போன மழையில் ஓர் ஓட்டோக்காரர் வந்தார். "நானா, மோட்டர் செத்துப்போச்சு எண்டு சொல்லுறாங்கள், புதுசு எவ்வளவு வரும்?" என்றார். கழற்றிப் பார்த்தால் மோட்டருக்கு ஒன்றுமில்லை. உள்ளே சுழற்சியை உணரும் ஹோல் சென்சர் ஒன்று ஈரத்தில் போயிருந்தது. மிகச் சிறிய சாமான். புதிய மோட்டர் விற்றிருந்தால் அன்று எனக்கு நல்ல இலாபம். ஆனால் உண்மை தெரிந்த பிறகு அப்படி விற்பது நமக்கு ஆகுமா? அந்த ஓட்டோக்காரர் பிறகு மூன்று பேரைக் கூட்டி வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். பெயாரிங், சென்சர், அச்சின் வாயில் உரசி அறும் வயர், கொன்ட்ரோலர், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் ஆகியவையே பழுதாகின்றன. வியாபாரம் அங்கேதான் இருக்கிறது, முழு மோட்டரில் அல்ல.

ரீகண்டிஷன் சாமான் எடுப்பவர்கள் இப்போது கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் ஏராளம். தண்ணீர் குடித்த மோட்டர் மேசையில் வைத்தால் அழகாகச் சுற்றும், இரண்டு மாதத்தில் வைண்டிங் கசியும். மெகர் கருவியால் காப்பைச் சோதிக்காமல் வாங்க வேண்டாம். குறை தெரிந்தால் விற்கும்போது வாயால் சொல்லி, பில்லிலும் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வைண்டிங் கடைப் பையன்கள் 12 வோல்ற்றில் பழகியவர்கள். ஹைபிரிட் காரில் இருநூறு வோல்ற்றுக்கு மேலும், மின்காரில் முந்நூறுக்கு மேலும் இருக்கும். அதுவும் நேர் மின்னோட்டம். செம்மஞ்சள் உறை போட்ட வயரைக் கண்டால், பயிற்சியும் கையுறையும் இல்லாதவர் கை வைக்கக் கூடாது. சேவிஸ் பிளக்கைக் கழற்றிய பின்னும் இன்வேட்டரில் மின் தங்கியிருக்கும், சில நிமிடம் பொறுக்கவேண்டும். முதல் போனால் தேடலாம்.

வாரம் முடிந்து அந்த இளைஞர் வந்தார். இதையெல்லாம் கேட்டுவிட்டு முகம் வாடிப் போனார். மூன்று இலட்சத்துக்குச் சோதனை மேசை, மெகர், கிளாம்ப் மீற்றர், பெயாரிங் இழுக்கும் கருவி. ஐந்து இலட்சத்துக்கு ஓடும் சரக்கு, அதுவும் கொப்பியில் மூன்று மாதம் கேள்வியைக் குறித்த பிறகு. மீதி ஏழையும் இந்த வருடம் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப மின் ஓட்டோ மோட்டர் வேணவே வேணாமா நானா?" என்றார்.

ஒன்றே ஒன்று வாங்கச் சொன்னேன். விற்பதற்கல்ல, கழற்றிப் பூட்டிப் பழகுவதற்கு. இப்போது அஸருக்குப் பிறகு அவரும் எங்கள் வைண்டிங் பையனும் எனது கடையின் பின்மேசையில் அதைத்தான் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.