எஃப் வராதவர்களுக்கு மோகனம்

கிட்டார் பழகுவது, சொந்தமாகப் பாட்டுக் கட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. மெல்லிசைக் குழுக்களில் இருபது வருடம் வாசித்துவிட்டு, இப்போது சொல்லிக்கொடுப்பதே வேலையாக இருக்கும் மாஸ்டர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மாஸ்டர், எனக்கு வயது 34. நான்கு மாதமாக யூடியூப் பார்த்துக் கிட்டார் பழகுகிறேன். சி, ஏ மைனர், ஜி எல்லாம் ஓரளவு வருகிறது. எஃப் கார்டு மட்டும் எவ்வளவு அழுத்தினாலும் ‘டக் டக்’ என்று செத்த சத்தம்தான். விரல் நுனியெல்லாம் எரிச்சல். எனக்கு இசைக்கும் ராசியில்லை போலிருக்கிறது. விட்டுவிடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ராசி பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேல் எடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் அதற்கு மேலே போகும் தடித்த கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. நான்கைத் தொட்டால் அது கிட்டார் இல்லை, துணி காயப்போடும் கொடி.

இன்னொரு சோதனையும் உண்டு. எஃப் போடும் அதே விரல் அமைப்பை அப்படியே ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்துங்கள். அங்கே அதன் பெயர் ஏ மேஜர். அங்கே சத்தம் சுத்தமாக வந்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் வரவில்லை என்றால் உங்கள் விரலில் பெரிய குற்றமில்லை. தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைக் கட்டையில் பள்ளம் போதவில்லை. கம்பி உயரத்தில் நிற்கிறது. வாத்தியம் பழுதுபார்ப்பவர் அரம் வைத்துக் கொஞ்சம் இழைத்துக் கொடுத்துவிடுவார். நீங்களே இழைக்க வேண்டாம். ஒரு இழுப்பு கூடிப்போனால் கட்டையையே மாற்ற வேண்டியதாகிவிடும். போகிற போக்கில் கம்பியையும் மாற்றுங்கள். பன்னிரண்டாம் எண் செட் போட்டிருந்தால் பத்தாம் எண்ணுக்கு இறங்குங்கள். சத்தம் சற்று மெலியும், ஆனால் விரல் பிழைக்கும்.

அழுத்துகிற இடத்தையும் கவனியுங்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் பலம் இரண்டு மடங்கு வேண்டும். ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தால் பாதி பலம் போதும். (வீணைக்காரர்கள் ஃப்ரெட்டை ‘மெட்டு’ என்பார்கள். பாட்டின் மெட்டுக்கும் அதே பெயர்தான் என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.)

இவ்வளவும் சரிசெய்யும்வரை எஃப்-ஐ விட்டுத் தள்ளுங்கள். அதற்குப் பதில் எஃப் மேஜர் செவன் போடலாம்: ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட், நடுவிரல் மூன்றாம் கம்பியில் இரண்டாவது, மோதிர விரல் நான்காம் கம்பியில் மூன்றாவது. முதல் கம்பி சும்மா ஒலிக்கட்டும், தடித்த இரண்டையும் தொடாதீர்கள். சி-யிலிருந்து இதற்கு வருவது சுலபம். ஆள்காட்டி விரல் அசையவே வேண்டாம்.

ஜஸ்டின் சாண்டர்கோ என்று டாஸ்மேனியாக்காரர் ஒருவர் 2003 முதல் இணையத்தில் இலவசமாகக் கிட்டார் சொல்லித்தருகிறார். அவருடைய ஒரு பயிற்சியை நான் வெட்கமில்லாமல் என் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். கடிகாரத்தில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குள் இரண்டு கார்டுகளுக்கு நடுவே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ண வேண்டும். எண்ணை நோட்டில் குறியுங்கள். இன்று 12, அடுத்த வாரம் 19 என்று ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறவன் ராசியைப் பற்றிப் பேசமாட்டான்.

கேள்வி: எனக்கு 58 வயது. இனிமேல் ஆரம்பிக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: விரல் மடங்குகிறதா? போதும். நைலான் கம்பி போட்ட கிட்டார் வாங்குங்கள்.

கேள்வி: ‘இளைய நிலா’வின் ஆரம்ப கிட்டாரை வாசிக்கத்தான் கிட்டாரே வாங்கினேன். சார் அதைச் சொல்லித்தர மாட்டேன் என்கிறார்.
– பிளஸ் ஒன் மாணவர், கும்பகோணம்

பதில்: 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் பாதிக் கிட்டார்கள் இந்தக் காரணத்துக்காகத்தான் விற்கின்றன, நானும் அப்படி வாங்கியவன்தான். அது வலக்கை விரல்கள் கம்பி கம்பியாகத் தனித்தனியே மீட்ட வேண்டிய வேலை. இடக்கை கார்டு மாற்றும்போது வலக்கை தடுமாறக்கூடாது. உங்கள் சார் சொல்வது சரி. ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

கேள்வி: சொந்தமாகப் பாட்டு எழுத ஆசை. மெட்டு முதலில் போட வேண்டுமா, வரி முதலிலா? நான் எழுதும் வரிகள் படிக்க நன்றாக இருக்கின்றன, கிட்டாரோடு பாடினால் இங்கிலீஷ்காரன் தமிழ் பாடுவதுபோல் ஆகிவிடுகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத ஒப்புக்கொண்டேன்.

நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில். இசையமைப்பாளர் ‘தன்னன்னா’ என்று தத்தகாரத்தில் பாடிக்காட்டுவார், கவிஞர் அதற்குள் சொற்களை உட்கார வைப்பார். எது முதலில் என்பது பெரிய விஷயமில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் குறிலும் நெடிலும் சண்டை போடக்கூடாது என்பதுதான் விஷயம்.

ஆங்கிலப் பாட்டுக்காரர்கள் ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்று பார்த்து அதைத் தாளத்தின் அடியில் வைப்பார்கள். தமிழில் அழுத்தத்தைவிட நீளம்தான் முக்கியம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்கிறது நம் இலக்கணம். ட்ரம்மர் இன்று காதில் மாட்டிக்கொள்ளும் கிளிக் சத்தத்தை நம்மவர்கள் விரல் நொடியாக அன்றே வைத்திருந்தார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன் காதல் பாட்டு எழுதி வந்தான். ‘மனம் போகுதே’ என்று ஆரம்பம். முதல் எழுத்தையே தாளத்தின் அடியில் வைத்து நான்கு மாத்திரைக்கு இழுத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ‘மானம் போகுதே’ என்றுதான் கேட்டது. பாட்டு முடிவதற்குள் அவனுக்கும் போய்விட்டது. குறிலை இழுத்தால் தமிழில் சொல்லே மாறிவிடும். வனம் வானமாகும், படம் பாடமாகும், கடை காடையாகும்.

அவனுக்குச் செய்த வைத்தியம் சின்னது. ‘மனம்’ என்பதை அடிக்கு முன்னாலேயே இரண்டு குட்டி ஸ்வரங்களில் சொல்லிவிட்டு, ‘போ’வைத் தாளத்தின் அடியில் இறக்கச் சொன்னேன். கார்டும் அந்த ‘போ’வில்தான் மாறியது. வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, பாட்டு தமிழாகிவிட்டது. உங்கள் வரிகளையும் இப்படிச் சோதியுங்கள். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, வரியைச் சாதாரணமாகப் பேசுங்கள், தொடையில் தட்டிக்கொண்டே. பேச்சில் எங்கே நீள்கிறதோ அங்கே மெட்டு நீளட்டும். உச்ச ஸ்தாயியில் நிற்கும் இடத்தில் ஆ, ஏ, ஓ வரும் சொல்லாகப் பாருங்கள். அங்கே ‘இட்டு’, ‘கட்டு’ என்று வைத்தால் பாடுகிறவர் தொண்டையில் கதவைச் சாத்துகிறீர்கள்.

வரி முடிவில் ஒலி ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது இயைபு. தொடர்ந்து அதையே செய்தால் சோப்பு விளம்பரம் மாதிரி ஆகிவிடும். இரண்டாம் எழுத்தில் ஒட்டும் எதுகை நம்மிடம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். வரியின் தொடக்கத்திலேயே காதைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் பாட்டுக்கு என் சிபாரிசு மோகனம். சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது. மிச்சமிருக்கும் ஐந்து ஸ்வரங்களில் மூன்று ஸ்வர கார்டு கட்டப் பார்த்தால் இரண்டே இரண்டுதான் தேறும். ஸ-க-ப சேர்ந்தால் சி. த-ஸ-க சேர்ந்தால் ஏ மைனர். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும். இந்த ஐந்து ஸ்வரத்துக்குள் எதை முணுமுணுத்தாலும் இரண்டு கார்டில் ஏதாவது ஒன்று தாங்கிப் பிடிக்கும். கோவில்பட்டிக்காரர் கவனிக்க: எஃப் என்பதே இங்கே மத்யமம். மோகனத்துக்கு அது ஆகாது. வராத கார்டு வரவே தேவையில்லாத ராகம்.

பல்லவி நான்கு வரி, ஒரு சரணம். அதற்குமேல் முதல் பாட்டில் ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் படித்தவள். கிட்டாரில் கார்டு போட்டாலே ராகம் செத்துப்போகிறது. என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ராகத்தைப் பொறுத்தது. மோகனமோ சங்கராபரணமோ என்றால் தாங்கும். தோடிக்குக் கார்டு போடாதீர்கள், பாவம். அதன் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. கிட்டாரின் ஃப்ரெட்டோ ஒரு இடத்தில்தான் நிற்கும். அந்த மாதிரி ராகங்களுக்கு ஸ-ப மட்டும் மீட்டித் தம்புராவாக வைத்துக்கொண்டு, ஸ்வரங்களைக் கம்பியை இழுத்தும் சறுக்கியும் வாசியுங்கள். கிட்டார் பிரசன்னா வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். ஃப்ரெட் போட்ட கிட்டாரில் கமகம் வராது என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் பாட்டு எழுதிப் பழகும் ஒரு குழுவில் இருக்கிறேன். நாற்பது பேர். எதைப் போட்டாலும் ‘சூப்பர் ப்ரோ’, கைதட்டல். ஒருவர் மட்டும் எல்லாரையும் கிழிக்கிறார். இரண்டாலும் பிரயோஜனம் இல்லை. சேர்ந்து வாசிக்கலாம் என்று வீடியோ காலில் முயன்றோம், தாளம் கன்னாபின்னாவென்று போனது.
– வாசகர், சேலம்

பதில்: கடைசியிலிருந்து வருகிறேன். சத்தம் காற்றில் 30 மில்லி செகண்டில் சுமார் பத்து மீட்டர் போகும். வீடியோ காலில் அதைவிட அதிகமாகவே தாமதம் ஆகும். பெரிய கல்யாண மண்டபத்தின் இந்தக் கோடியில் நீங்களும் அந்தக் கோடியில் மிருதங்கமும் உட்கார்ந்து வாசித்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான். நேரலை வேண்டாம். ஒருவர் கிளிக் சத்தத்தோடு கிட்டாரைப் பதிவு செய்து, வேகம் எத்தனை என்று எழுதி அனுப்பட்டும். அடுத்தவர் அதைக் காதில் கேட்டபடி பாடிச் சேர்த்து அனுப்பட்டும். நிதானமாக நடக்கும், ஆனால் நடக்கும்.

‘சூப்பர் ப்ரோ’வுக்குக் காரணம் நீங்கள்தான். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘இரண்டாவது வரியில் எந்தச் சொல் காதில் விழவில்லை?’ என்று கேளுங்கள். ‘சரணத்துக்குப் போகும்போது இடறுகிறதா?’ என்று கேளுங்கள். என் பையனுடைய ‘மானம்’ வெளியே வந்ததும் ‘நீ என்ன வரி கேட்டாய், எழுதிக்காட்டு’ என்று ஒருவரிடம் நான் கேட்டதால்தான். எழுதியவனுக்குத் தன் வரி எப்போதும் தெளிவாகவே கேட்கும். அதனால்தான் நாற்பது காது வேண்டும்.

இன்னொரு வழி எண்ணிக்கை. பிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மன்த் என்று 2004-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஒரு வழக்கம் இருக்கிறது. பிப்ரவரியின் 28 நாளில் 14 பாட்டு எழுத வேண்டும். லீப் வருடத்தில் பதினாலரை! எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதிப் போட்டு, ஒருவர் பாட்டை இன்னொருவர் கேட்டுக் கருத்துச் சொல்வார்கள். இரண்டு நாளைக்கு ஒரு பாட்டு என்றால் மெருகேற்ற நேரமிருக்காது, வெட்கப்படவும் இருக்காது. உங்கள் குழுவுக்குப் பதினாலு அதிகம். மாதம் நாலு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை: தன் பாட்டைப் போடுவதற்கு முன் மற்றவர்களுடைய மூன்றைக் கேட்டு, தலைக்கு ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும். கிழிக்கிறவரும் பாட்டு போட்டால்தான் பேசலாம். பெரும்பாலும் அதோடு அவர் குரல் இறங்கிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் நான்கு மாதமாகக் கிட்டார் பழகுகிறார். விரலுக்கு ராசியில்லை என்று புலம்புகிறார். சாயந்திரமானால் குக்கரில் மூணு விசில், கூடத்தில் மூணு கார்டு. விசிலாவது சோறு போடுகிறது. பாட்டு எப்போது வரும் என்று கேட்டுச் சொல்லுங்கள் மாஸ்டர்.
– வாசகி, கோவில்பட்டி

பதில்: ஊரையும் நான்கு மாதத்தையும் பார்த்தால் முதல் கேள்வி யாருடையது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கிட்டாரைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு நாளில், உங்கள் கடிதத்தின் மூன்றாவது வாக்கியத்தை அவரிடம் காட்டுங்கள். ‘மூணு விசில்’, ‘மூணு கார்டு’ – இரண்டும் ஒரே நடையில் விழுகின்றன, ‘மூ’ தாளத்தின் அடியில் கச்சிதமாக உட்காரும், இழுத்தாலும் பொருள் கெடாது. பல்லவியின் முதல் வரி அது. கிட்டார் திரும்பி வந்ததும் சி-யில் ஆரம்பித்து, இரண்டாவது ‘மூ’வில் ஏ மைனருக்கு மாறச் சொல்லுங்கள்.