வாடகை ஒப்பந்தம்: எட்டாம் வகுப்பில் ஒரு செயல்பாடு

கல்வியாண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரிடம் காரணம் கேட்டால், "வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க டீச்சர்" என்பார்கள். நகரப் பள்ளிகளில் பணியாற்றுவோர் அடிக்கடி கேட்கும் பதில் இது. மாறுதலில் வேறு ஊர் போகும் நம்மில் பலரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் வீட்டுக்காரரோடு எதைப் பேசி, எதை எழுதிக்கொண்டு குடியேற வேண்டும் என்று நமக்கு யாரும் கற்பித்ததில்லை. குடிமையியலில் உரிமை, கடமை என்ற சொற்கள் வரும் இடத்தில் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்கலாம்.

முதல் பாடவேளையில் மாணவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவரை வீட்டுக்காரராகவும் மற்றவரைக் குடிவருபவராகவும் ஆக்குங்கள். இருவரும் பேசி ஒரு பக்க ஒப்பந்தம் எழுத வேண்டும். குறிப்பு எதுவும் தர வேண்டாம். எங்கள் வகுப்பில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம், விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று நிபந்தனைகள் வந்து விழுந்தன. வீட்டில் கேட்டவை அப்படியே வந்திருந்தன. குழாய் உடைந்தால் யார் சரிசெய்வது என்று மட்டும் பெரும்பாலோர் எழுதவில்லை. பெரியவர்களும் அதைத்தான் எழுதுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. யாருக்குச் சொந்த வீடு, யாருக்கு வாடகை வீடு என்று வகுப்பில் கேட்காதீர்கள். ஒரு மாணவியின் வீட்டுக்காரர் பக்கத்து பெஞ்சுப் பையனின் அப்பாவாக இருக்கக்கூடும்.

இரண்டாம் பாடவேளையில் சட்டம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் பதினோரு மாத ஒப்பந்தம் வழக்கமானது. புதிய சட்டப்படி எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் தெரிவித்துப் பதிவெண்ணும் பெற வேண்டும்.

மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது பழுதுபார்ப்புப் பட்டியல். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், ஒயரிங் வேலை ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, உடைந்த ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. அட்டைகளில் எழுதிக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்கும். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு கணக்கு. வாடகை 5,000 ரூபாய், முன்பணம் 15,000. காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பாக்கி, மின்கட்டணம் 340, உடைந்த கண்ணாடிக்கு 450. எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? 9,210 என்று உடனே சொல்லிவிடுவார்கள். "பெயின்ட் அடிக்க 4,000 பிடித்துக்கொள்கிறேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால்? இங்கேதான் வகுப்பு இரண்டாகும். பல ஆண்டு குடியிருந்ததால் மங்கிய சுவர் சாதாரணத் தேய்மானம். அதற்குக் குடியிருந்தவர் பொறுப்பல்ல. தம்பி கிரேயானால் கிறுக்கிய சுவர் வேறு. கிறுக்கலைக் குடியிருந்தவர்தான் சரிசெய்து தர வேண்டும் என்று வாடகை வீட்டுப் பிள்ளைகளே சொன்னார்கள். குடியேறும் நாளில் இருவரும் சேர்ந்து சுவரையும் சுவிட்சையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் தகராறே வராது என்றான் ஒருவன். வழக்கறிஞர்கள் சொல்லும் யோசனையும் இதுதான்.

தகராறு முற்றினாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பதையும், வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்து ரசீது வாங்குவது குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் முதல் நாள் எழுதிய ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்து, விட்டுப்போனவற்றைச் சிவப்பு மையில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பெற்றோரிடம் காட்டுவது அவரவர் விருப்பம்.