சின்ன விரலியும் சங்கத்தின் நினைவும்

முன்னுரை

“சிறு துரும்பும் பல் குத்த உதவும்” என்பார்கள். பழைய பொருளை எறிய மனம் வராதவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி இது. இன்று பலருடைய மேசை இழுப்பறையிலும் தமிழ்ச் சங்கங்களின் அலமாரியிலும் எறியப்படாமல் கிடக்கும் அத்தகைய துரும்புகளுள் ஒன்று, 64, 128, 256 மெகாபைட் என்று அளவு பொறித்த பழைய பென்டிரைவ். சிங்கப்பூரில் இதனைத் தம்டிரைவ் என்பர். ‘விரலி’ என்ற அழகான தமிழ்ப் பெயரும் இதற்கு உண்டு. இக்கட்டுரையில் அப்பெயரையே கையாள்வோம்.

கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே 3 அல்லது 4 மெகாபைட் வரும் இந்நாளில், 128 மெகாபைட் விரலியால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். எறிந்துவிடலாமா? வைத்துக்கொள்வதானால் எதற்காக? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விரலியை வைத்திருப்பது வேறு, அதில் உள்ளதைக் காப்பது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

விரலி வந்த வழி

விரலிக்கு முன்னர் மாணவர்கள் கையில் இருந்தது நெகிழ்வட்டு. அதன் கொள்ளளவு 1.44 மெகாபைட் மட்டுமே. விரலிக்கு அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1984-இல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் ‘தம்டிரைவ்’ என்ற பெயரில் தன் விரலியை ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த செபிட் கண்காட்சியில் வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கிய விரலியை ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 8 மெகாபைட். ஐந்து நெகிழ்வட்டுகளுக்கும் மேற்பட்ட இடம் ஒரு விரலளவுப் பொருளில் அடங்கியது அன்று வியப்பாக இருந்தது.

மலேசியாவிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சிலாங்கூரின் செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங், தைவானில் நண்பர்களுடன் ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கினார். விரலியை இயக்கும் கட்டுப்படுத்தியை ஒரே சில்லில் அடக்கிய முன்னோடி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. முதலில் கண்டவர் யார் என்பதில் பல நாட்டு நிறுவனங்களுக்கிடையே வழக்குகள் நடந்தன. எவ்வாறாயினும் இச்சிறு பொருளின் வரலாற்றில் நம் வட்டாரத்திற்குத் தனியிடம் உண்டு என்பதில் ஐயமில்லை.

விரலி எவ்வாறு நினைவில் வைக்கிறது?

விரலிக்குள் சுழலும் வட்டு எதுவும் இல்லை. கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் காப்புப் படலத்தால் சூழப்பட்டது. எலக்ட்ரான்களை அப்படலத்தின் ஊடே செலுத்தி அறைக்குள் அடைப்பதே எழுதுதல். அவற்றை வெளியேற்றுவதே அழித்தல். மின்சாரம் இல்லாதபோதும் எலக்ட்ரான்கள் உள்ளேயே தங்கியிருப்பதால் நாம் எழுதியது நிலைக்கிறது.

ஆனால், இது கல்வெட்டன்று. மண்பானையில் ஊற்றிய நீர் மெல்லக் கசிவது போல, அடைபட்ட எலக்ட்ரான்களும் ஆண்டுக்கணக்கில் கசிகின்றன. வெப்பம் மிகுந்தால் கசிவும் விரைவுபடும். பலமுறை எழுதி அழித்த விரலியில் காப்புப் படலம் தேய்ந்திருக்கும். அங்கே கசிவு இன்னும் எளிது. புதிய நிலையில் உள்ள ஃபிளாஷ் நினைவகம் 10 ஆண்டுகள் தரவைத் தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கூறும் அளவு. 2004-இல் எழுதி மூடி வைத்த விரலி அந்த எல்லையை 2014-இலேயே கடந்துவிட்டது.

இங்கே பழைய விரலிக்கு ஒரு நற்பேறும் உண்டு. தொடக்ககால விரலிகள் பலவற்றில் ஓர் அறைக்கு ஒரே பிட் எழுதப்பட்டது. அறை நிறைந்திருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கொள்ளளவைப் பெருக்குவதற்காகப் பின்னர் ஓர் அறையில் 2, 3, 4 பிட்டுகள் எழுதத் தொடங்கினர். அதற்கு முறையே 4, 8, 16 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நிலைகள் நெருங்க நெருங்கச் சிறு கசிவும் பிழையாகும். எனவே, கொள்ளளவில் சிறியது உழைப்பில் வலியதாக அமைவதுண்டு. இருபது ஆண்டு கழித்தும் சில விரலிகள் பிழையின்றித் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும், எது திறக்கும், எது திறக்காது என்று செருகிப் பார்க்கும்வரை சொல்ல இயலாது.

128 மெகாபைட்டில் எவ்வளவு தமிழ் அடங்கும்?

படங்களை வைத்து அளந்தால் 128 மெகாபைட் அற்பம். முப்பது, நாற்பது படங்களோடு நிறைந்துவிடும். எழுத்தை வைத்து அளந்தால் கதை வேறு. இன்று வழக்கில் உள்ள ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு தேவை. ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் உள்ளன. ஆக 15 பைட்டு. ஒரு சொல்லுக்குப் பத்துக் குறிகள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் இடைவெளியோடு 31 பைட்டு ஆகும். 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கம் 9,300 பைட்டு. அவ்வாறெனில், 128 மெகாபைட்டில் ஏறத்தாழ 13,700 பக்கங்கள் அடங்கும். இருநூறு பக்க நூல்கள் அறுபத்தெட்டு!

ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்கிய நாள்முதல் வெளியிட்ட ஆண்டிதழ்களின் எழுத்து முழுவதும் ஒரு பழைய விரலியில் அடங்கக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஆகவே, “இதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?” என்று எண்ணிப் பழைய விரலியை எறிவது தவறு.

திறந்தாலும் படிக்க முடியுமா?

விரலி திறந்துவிட்டது என்பதால் உள்ளிருக்கும் தமிழ் படிக்கக் கிடைத்துவிடாது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால், விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்த பின்னரே அது மெல்லப் பரவியது. அதற்கு முன்னும், அதன் பின்னர்ச் சில ஆண்டுகளும் நம்மிடையே பல குறியாக்கங்கள் வழங்கின. சிங்கப்பூரில் 1997-இல் தமிழ் இணைய மாநாடு கூடியதற்கும், 1999-இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து ‘டாம்’, ‘டாப்’ என்னும் தரங்கள் வந்ததற்கும் இந்தக் குழப்பமே பின்னணி. இணையவழிக் கலந்துரையாடலில் ‘திஸ்கி’ உருவானதும் அக்காலத்தில்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் நம் மாணவர்களிடையே பரவலாகப் பயன்பட்டது.

இக்குறியாக்கங்களில் பிற எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்களே தமிழ் எழுத்துகளுக்கும் தரப்பட்டன. உரிய எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் பொருளற்ற குறிகளின் வரிசைதான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் அதை அழித்துவிடுவது இக்கட்டத்தில்தான். அது கெட்டுப்போன கோப்பன்று. திறவுகோல் தொலைந்த பெட்டி. அதே விரலியில் எழுத்துருக் கோப்பும் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கென்றே பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் உருவாக்கப்பட்டன.

இதழ் வடிவமைப்பிலும் இதே சிக்கல் உண்டு. அந்நாளில் பல இதழ்கள் அடோபி பேஜ்மேக்கரில் அமைக்கப்பட்டன. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அச்செயலியின் வளர்ச்சி முடிவுக்கு வந்தது. எனவே, மூலக் கோப்போடு அதன் பி.டி.எஃப். வடிவத்தையும், வெறும் எழுத்தாக ஓர் ஒருங்குறிப் படியையும் வைத்திருப்பது நலம்.

செய்ய வேண்டியவை

ஒன்று, செருகுமுன் கணினியில் நச்சுநிரல் தடுப்பி இயங்குவதை உறுதிசெய்க. 2008-இல் தோன்றிய கான்ஃபிக்கர் விரலிகள் வழியாகவும் பரவியது. விரலியைச் செருகியதும் நிரல் தானே இயங்கும் வசதியை விண்டோஸ் எக்ஸ்.பி., விஸ்தா கணினிகளில் மைக்ரோசாஃப்ட் 2011-இல்தான் முடக்கியது. அதற்கு முந்திய விரலிகளில் பழைய கிருமி இன்னும் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு, திறந்ததும் எதையும் திருத்தாமல், அழிக்காமல், முழுவதையும் கணினிக்குப் படியெடுக்க வேண்டும். “வடிவமைக்க வேண்டுமா?” என்று கணினி கேட்டால் ‘வேண்டாம்’ என்பதே விடை.

மூன்று, கோப்புகளுக்கு ஆண்டும் பொருளும் விளங்கப் பெயரிடுக. ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசி-2’ என்ற பெயர்கள் இட்டவருக்கே மறுவருடம் விளங்குவதில்லை.

நான்கு, மூன்று படிகள் வைத்திருக்க வேண்டும். அவை இருவேறு வகைச் சேமிப்பில் அமைய வேண்டும்; ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். சங்க அறையில் மூன்று விரலிகளை ஒரே பெட்டியில் வைப்பது மூன்று படிகள் ஆகாது. நீர் புகுந்தால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும்.

ஐந்து, விரலியைச் சும்மா செருகி எடுப்பதால் கசிந்த எலக்ட்ரான்கள் திரும்பிவிடுமென நம்ப முடியாது. படியெடுத்து, சரிபார்த்து, வடிவமைத்து, மீண்டும் எழுதினால்தான் நினைவு புதுப்பிக்கப்படும்.

விரலியை என்ன செய்வது?

உள்ளடக்கம் பத்திரமான பிறகே விரலியைப் பற்றிய கேள்வி எழுகிறது. அப்போதும் அதற்குச் சில பணிகள் உண்டு. பழைய விரலிகள் சிலவற்றில் எழுதுவதைத் தடுக்கும் சிறு விசை இருக்கும். அச்சகத்திற்கோ நகலகத்திற்கோ ஒரேயொரு கோப்பைக் கொண்டுசெல்ல அதனினும் சிறந்தது இல்லை. விசையைப் பூட்டிவிட்டால் அங்குள்ள கணினியின் கிருமி அதில் ஏற இயலாது. தவிர, ஃபேட்-16 முறையில் பொதுவாக 2 ஜிகாபைட் வரையே கையாள முடியும். அம்முறையை மட்டும் அறிந்த பழைய கருவிகளுக்குச் சிறிய விரலியே ஏற்றது.

பயன்படாத விரலியை எறியும்போதும் கவனம் தேவை. கோப்பை அழித்தாலும், விரைவு வடிவமைப்புச் செய்தாலும் தரவு உள்ளேயே தங்கக்கூடும். உறுப்பினர் பட்டியலும் அடையாள அட்டை எண்களும் இருந்த விரலியின் சில்லை உடைத்துவிடுவதே நன்று. மலேசியாவில் மின்னணுக் கழிவுகள் 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டின்கீழ் வருகின்றன. வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவுச் சேகரிப்பு இடத்தில் சேர்ப்பதே முறை.

முடிவுரை

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் கைமாறும் அமைப்பு. செயலவையினர் பட்டம் பெற்றுச் செல்லும்போது விரலியும் அவர்களுடைய சாவிக்கொத்தோடு சென்றுவிடுகிறது. அச்சிட்ட இதழ் சில நூறு படிகளோடு தீர்ந்துபோக, அவ்விதழின் ஒரே மின்படி யாரோ ஒருவர் வீட்டு இழுப்பறையில் மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரையிலான தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கும் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பாலும் தேசிய நூலக வாரியத்தின் துணையாலும் 2015-இல் நிறைவேறியது. நூல்களுக்கு அது வாய்த்தது. மாணவர் இதழ்களுக்கு அந்த வேலையை மாணவர்களாகிய நாமே செய்ய வேண்டும்.

ஆதலால், புதிய செயலவை பொறுப்பேற்கும் கூட்டத்தில் கணக்கேட்டையும் முத்திரையையும் ஒப்படைக்கும்போது மின்கோப்புகளையும் பட்டியலிட்டு ஒப்படைக்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். முன்னாள் உறுப்பினர்களிடம் உள்ள விரலிகளைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துத் திருப்பித் தரலாம். அதற்கு ஒரு கணினியும் ஒரு பிற்பகலும் போதும்.