அழிக்காதே, அடித்து வை

அன்புள்ள ஷைனி மக்களே,

விதுரா ஐசர் மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கேட்டால் “பரவாயில்லை” என்பாய். அந்தப் பரவாயில்லைக்கு என்ன பொருள் என்று உன் அம்மைக்கும் தெரியும், இங்கே பாறசாலையில் இருக்கிற எனக்கும் தெரியும். பழமாவது தின்று வை.

இரண்டு பரிமாணக் கருந்துளையைப் பற்றி புராஜெக்ட் எடுத்திருக்கிறாயாமே. “நெசக் கருந்துளை கிடைக்கலையா?” என்று கூட்டுக்காரிகள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். நீளம் ஒன்று, காலம் ஒன்று, அவ்வளவுதான் அந்த உலகம். அங்கே ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் ஈர்ப்பின் பக்கம் தானாகவே பூச்சியமாகிவிடும். அதனால் டைலட்டான் என்ற புலத்தைச் சேர்க்கிறார்கள், கருந்துளையும் வந்துவிடுகிறது. 1991இல் நம் கௌதம் மண்டல், அனிர்வான் சென்குப்தா, ஸ்பெண்டா வாடியா மூவரும் இழைக் கோட்பாட்டில் அப்படியொன்றைக் கண்டார்கள். அதே ஆண்டு எட்வர்ட் விட்டனும் தனியாகக் கண்டார். தாளில் கையால் போட்டு முடிக்க முடிகிற கணக்கு அது. சின்னதென்று இளப்பம் வேண்டாம்.

கருந்துளையின் விளிம்பு நம் களியக்காவிளை மாநில எல்லை போலத்தான். 1956இல் போட்ட கோட்டைத் தாண்டுகிற காலுக்கு எதுவும் தெரியாது. நாம் சந்தைக்குப் போய்த் திரும்பிவிடுகிறோம். அங்கே திரும்பல் கிடையாது.

என் கவலை வேறு. சின்ன வயதிலேயே விடை ஒத்துவராவிட்டால் தாள் கிழிகிற வரை ரப்பரால் தேய்ப்பாய். இப்போதும் அப்படித்தானா? கேள்: இரண்டு பரிமாணத்தில் நிறையில்லாத புலத்துக்கு, அளவுகோலை இடத்துக்கு இடம் இழுத்தாலும் சுருக்கினாலும் குலையாத சமச்சீர்மை உண்டு. குவாண்டம் கணக்கில் அது கொஞ்சம் உடையும். ஒரு மிச்சம் நிற்கும். ஹாக்கிங் 1974இல் சொன்ன கருந்துளைக் கதிர்வீச்சு எவ்வளவு என்பதை, இரண்டு பரிமாணத்தில் அந்த மிச்சத்திலிருந்தே எடுக்கலாம் என்று 1977இல் கிறிஸ்டென்சனும் ஃபுல்லிங்கும் காட்டினார்கள். ஒத்துவராததை உன்னைப் போலத் தேய்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

ஆகவே மக்களே, தப்பென்று தோன்றினால் ஒற்றைக் கோடு போட்டு அடி, அடியில் எழுத்து தெரியட்டும். பக்கத்துக்குப் பக்கம் தேதி போடு. எதைச் சின்னதென்று விட்டாயோ அதை ஓரத்தில் எழுதி வை. நடுராத்திரியில் வந்த விடையைக் காலையில் இன்னொரு தடவை போட்டுப் பார்.

ஓணத்துக்கு வரும்போது நோட்டையும் கொண்டு வா. அடித்த பக்கங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

உன் மாமா