வருகிறவர் யார் என்று கேட்பது குற்றமா?

கேள்வி: வக்கீல் அம்மா, எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டம். சில வருஷமாகத் திருவனந்தபுரத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்து பாலியல் தொழில் செய்கிறேன். புரோக்கர் யாரும் கிடையாது. புதிதாக ஒருவர் கூப்பிட்டால் பெயர், நம்பர், ஆதார் கார்டு போட்டோ, ஜீபேயில் கொஞ்சம் அட்வான்ஸ், இவ்வளவும் வாங்கிய பிறகுதான் வீடு இருக்கும் இடத்தைச் சொல்வேன். அந்த விவரத்தை என் தோழிக்கும் அனுப்பி வைப்பேன். போன மாதம் வந்த ஒருவர் பேசிய பணத்தைத் தரவில்லை. எனக்குத் தெரியாமல் போனில் வீடியோவும் எடுத்திருக்கிறார். இப்போது, ஐம்பதாயிரம் கொடுக்காவிட்டால் ஊரில் என் அண்ணனுக்கு அனுப்புவேன் என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார். "என் ஆதாரை வைத்திருக்கிறாய், உன்மேல்தான் கேஸ் வரும்" என்றும் சொல்கிறார். நான் விவரம் கேட்டு வாங்கியது தப்பா? போலீசுக்குப் போனால் என்னைத்தான் பிடிப்பார்களா?
— பெயர் வேண்டாம், திருவனந்தபுரம்

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பார். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள், அவரை பிளாக் செய்யவும் வேண்டாம். ஒவ்வொரு செய்தியையும் நம்பர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். பதிலுக்கு நீங்கள் மிரட்டி ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது.

அவர் செய்திருப்பது கடுமையான குற்றம். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவளுக்குத் தெரியாமல் படம் பிடிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு. படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்பச் சம்மதிக்காதபோது அனுப்பினால் அதுவும் அதே குற்றம். பயமுறுத்திப் பணம் பறிப்பது 308-ஆம் பிரிவு; ஏழாண்டு வரை போகும். பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பரப்புவேன் என்று மிரட்டுவதை 351(3) தனியாகவே சொல்கிறது, அதற்கும் ஏழாண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் சேரும். இவற்றில் எந்தப் பிரிவும் பாதிக்கப்பட்ட பெண் என்ன தொழில் செய்கிறாள் என்று கேட்பதில்லை. 'நடத்தை சரியில்லாதவள்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணுக்கும் அந்தரங்க உரிமை உண்டு, விரும்பியபோது யாரும் அதை மீற முடியாது என்று மர்திகர் வழக்கில் 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் குற்ற வழக்குகளில் சம்மதம் பற்றிய கேள்வி எழும்போது பெண்ணின் முந்தைய பாலுறவு அனுபவத்தைச் சாட்சியமாகக் காட்ட முடியாது என்கிறது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 48-ஆம் பிரிவு. பணம் வாங்கிக்கொண்டு சம்மதித்தது அன்றைக்கு, அந்தச் செயலுக்கு மட்டும். கேமராவுக்கு நீங்கள் சம்மதிக்கவில்லை.

இனி, ஆதார் கேட்டது தப்பா? இல்லை. வீட்டுக்கு வரும் ஒருவரை நீங்கள் யார் என்று கேட்பதையோ, சொல்லாவிட்டால் வர வேண்டாம் என்பதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இதைவிட வலுவான பிடிமானமும் ஒன்று இருக்கிறது. 1999-ல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்பட்டார். கொலையாளியின் மேல்முறையீட்டை 2011-ல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அந்த புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கையே இந்தப் பெண்களின் வாழ்வு பற்றிய பொதுநல வழக்காக மாற்றியது. அதில் 2022 மே 19 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் அமர்வு பிறப்பித்த உத்தரவுகளில் ஒன்று: பாலியல் தொழிலாளர்கள் தங்கள் உடல்நலத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் செய்துகொள்ளும் ஏற்பாடுகளைக் குற்றமாகவும் கருதக் கூடாது, குற்றத்துக்கான சான்றாகவும் காட்டக் கூடாது. ஆணுறை அதில் ஓர் எடுத்துக்காட்டுதான். முன்பின் தெரியாத ஆளின் பெயரைக் கேட்டு வைப்பதும், அவர் வந்திருக்கிறார் என்று தோழிக்குச் சொல்வதும் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளே. உங்கள் வழக்கு என்னிடம் வந்தால் இந்த வரியை வைத்துத்தான் வாதிடுவேன்.

அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பரவிய ஒரு தவறான செய்தியை நம்பிவிடாதீர்கள். வயது வந்த பெண் விரும்பிச் செய்தால் போலீஸ் தலையிடவே கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதாகப் பலரும் எழுதினார்கள். அது நீதிமன்றம் அமைத்த குழுவின் பரிந்துரை. மத்திய அரசு அதில் மாற்றுக் கருத்து சொன்னதால், கட்டாயமாக நிறைவேற்ற வேண்டியவை என்று நீதிமன்றம் குறித்த பட்டியலில் அது இடம்பெறவில்லை. எனவே 1956-ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. தனியாக ஒரு பெண் தன் வீட்டில் செய்யும் தொழிலை அந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது.

உங்கள் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் பிரிவுப்படி வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் பெண்ணுக்கும் வந்தவருக்கும் மூன்று மாதம் வரை சிறை. பாளையத்தில் பள்ளிவாசலும் கதீட்ரலும் கணபதி கோயிலும் ஒரே பார்வையில் தெரியும். குமாரபுரத்திலோ பட்டத்திலோ ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இல்லாத 200 மீட்டரை எங்கே தேடுவது? உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதை வக்கீலிடம் மட்டும் முதலில் சொல்லுங்கள். புகார் எழுதும் விதத்தை அது தீர்மானிக்கும். பொது இடத்திலோ, பொது இடத்திலிருந்து காணவோ கேட்கவோ முடிகிற விதத்திலோ ஆள் அழைப்பது 8-ஆம் பிரிவு, ஆறு மாதம்.

என்னை மிகவும் வருத்துவது தோழி விஷயம். விவரத்தை அவருக்கு அனுப்புவது குற்றமில்லை, அதைத் தொடருங்கள். ஆனால் பாதுகாப்புக்காக அவரும் அதே வீட்டில் தங்கி அதே தொழிலைச் செய்தால், சட்டத்தின் கண்ணில் அந்த வீடு விபச்சார விடுதி ஆகிவிடும். 'இன்னொருவரின் லாபத்துக்காக, அல்லது இரண்டோ அதற்கு மேற்பட்டோ பெண்களின் பரஸ்பர லாபத்துக்காக' என்பதுதான் விடுதிக்குச் சட்டம் தரும் விளக்கம். விடுதி நடத்தினால் முதல் முறையே குறைந்தது ஓராண்டுக் கடுங்காவல். தெரிந்தே இடம் விட்ட வீட்டுக்காரரும் மாட்டுவார். உங்கள் வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயதைத் தாண்டிய யார் மீதும் 4-ஆம் பிரிவு பாயும். உங்களோடு குடியிருப்பவரும் வழக்கமாக உங்களோடே காணப்படுபவரும் அப்படித்தான் வாழ்கிறார் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். வாசலில் காவலுக்கு நிற்கச் சொல்லி ஓர் ஆட்டோக்காரருக்குத் தினமும் பணம் கொடுத்தால் அவர் கதி இதுதான். இரண்டு பேராக இருந்தால் உயிருக்குப் பாதுகாப்பு, ஒருத்தியாக இருந்தால் சட்டத்திலிருந்து பாதுகாப்பு என்று ஒரு பெண்ணை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும் சட்டம் மாற்றப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாறும்வரை, தோழி வேறு வீட்டிலேயே இருக்கட்டும். ஆள் அனுப்பிவிட்டுக் கமிஷன் வாங்கும் பழக்கம் உங்களுக்குள் வேண்டவே வேண்டாம். அது 5-ஆம் பிரிவுக்குக் கதவைத் திறக்கும், அதில் குறைந்தபட்சமே மூன்றாண்டு.

வருகிறவர்கள் ஏன் விவரம் தரத் தயங்குகிறார்கள் என்பதற்கும் சட்டத்தில் காரணம் உண்டு. 2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். சதீஷ்குமார், மசாஜ் நிலைய ரெய்டில் பிடிபட்ட வாடிக்கையாளர் ஒருவர் மீதான வழக்கை ரத்து செய்தார். களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் நிலைமை வேறு. பேரூர்க்கடை போலீஸ் 2021-ல் பதிந்த ஒரு வழக்கில், 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி வி.ஜி. அருண், விடுதிக்குப் பணம் கொடுத்து வந்தவரை வெறும் வாடிக்கையாளராகப் பார்க்க முடியாது, பெண் விற்பனைப் பொருள் அல்ல என்றார். அவர் மீதான 3, 4 பிரிவுகளை நீக்கிவிட்டு, பெண்ணை இத்தொழிலுக்குத் தூண்டியதாக 5(1)(டி) பிரிவிலும், 7-ஆம் பிரிவிலும் வழக்கு நடக்கட்டும் என்று விட்டார். பிறர் நடத்திய விடுதி பற்றிய வழக்கு அது. உங்களைப் போல் தனித்து இருப்பவரின் நிலை வேறு என்று வாதிட இடம் இருக்கிறது. பெண்ணைப் பொருளாக்கக் கூடாது என்ற அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பிடிபட்டால் சிறை என்று பயப்படும் ஆண் தன் உண்மைப் பெயரைச் சொல்லமாட்டான். பொய்ப் பெயரோடு வருபவனிடம்தான் ஆபத்து அதிகம். அந்த விலையைக் கொடுப்பது நீங்கள்.

ஆதார் கேட்டது தப்பில்லை என்றாலும், அதன் படத்தைப் போனிலேயே சேர்த்து வைப்பதை நிறுத்துங்கள். ஹனி ட்ராப் வழக்குகளைப் பார்த்துப் பழகிய போலீஸ்காரர் ஒருவர், முப்பது ஆண்களின் அடையாள அட்டைகள் உள்ள போனைக் கண்டால் முதலில் என்ன நினைப்பார்? போன் தொலைந்தாலும் திருடு போனாலும் இதே சங்கடம். வீடியோ காலில் முகத்தையும் அட்டையையும் சேர்த்துக் காட்டச் சொல்லிப் பார்த்தால் போதும். கட்டாயம் படம் வேண்டுமானால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கேளுங்கள், அவர் நல்லபடியாகத் திரும்பிய பிறகு அழித்துவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே வங்கியில் பதிவான பெயர் உங்களுக்குத் தெரிந்துவிடும். குற்றம் நடந்தால் அந்தப் பரிமாற்றமும் போன் அழைப்பும் ஆளைக் கண்டுபிடிக்கப் போலீசுக்குப் போதும். அதே வழியாக உங்கள் பெயரும் அவருக்குத் தெரியும் என்பதை மறக்காதீர்கள். தொழிலுக்குத் தனி நம்பர் வையுங்கள், ஆனால் உங்கள் பெயரிலேயே சிம் வாங்குங்கள். வேறொருவர் அடையாளத்தில் வாங்குவது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை தரும் குற்றம்.

'மோசமான ஆள்' என்று ஒருவரின் படத்தையும் நம்பரையும் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேருக்குப் போடாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். நம்பகமான ஓரிருவரிடம் வாயால் எச்சரிப்பது வேறு. பாக்கிப் பணத்துக்காக "உன் ஆதார் என்னிடம் இருக்கிறது, உன் மனைவிக்குச் சொல்வேன்" என்றும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன நொடியில் 308-ஆம் பிரிவு உங்கள் மேல் வரும். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டும் அந்தப் பணத்தை வாங்க முடியாது. ஒழுக்கத்துக்கு மாறானது என்று நீதிமன்றம் கருதும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அந்தத் தொகையை விட்டுவிடுங்கள்.

போலீசைப் பற்றிய உங்கள் பயம் காரணமில்லாதது என்று சொல்லமாட்டேன். உங்கள் நகரத்தில் பாலியல் தொழிலாளர்களுக்காகப் பேசிய நளினி ஜமீலா 2005-ல் வெளியிட்ட சுயசரிதையில், தன் முதல் வாடிக்கையாளரே ஒரு போலீஸ் அதிகாரி என்றும், மறுநாள் காலையில் போலீஸ்தான் தன்னைப் பிடித்து அடித்தது என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே தனியாக ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வீடியோ, மிரட்டல், பணம் கேட்டது இந்த மூன்றை மட்டும் சொல்லும் புகாரை அவர் எழுதித் தரட்டும். அதில் பொய் எதுவும் வேண்டாம். பிழைப்பை விவரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்கியாக வேண்டும். மறுத்தால் மாவட்டப் போலீஸ் தலைமைக்கும், பிறகு மாஜிஸ்திரேட்டுக்கும் போகலாம். மித்ரா 181 எண்ணில் ஆலோசனை கிடைக்கும். வீடியோ எங்காவது ஏறிவிட்டால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு உடனே எழுதுங்கள். இத்தகைய படங்களை நீக்க 2021-ஆம் ஆண்டு விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன.

எப்போதாவது ரெய்டு வந்தால், வாரண்ட் இல்லாமல் சோதனையிடச் சிறப்புப் போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இரண்டு பெண் போலீசார் கூட இருக்க வேண்டும், உங்களை விசாரிப்பவர் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். போனை எடுத்துக்கொண்டால் மஹஸரில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் முகத்தையும் பெயரையும் செய்தியில் காட்டக் கூடாது என்பதும் 2022 உத்தரவில் இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால் எந்த ஆஸ்பத்திரியும், தனியாரே ஆனாலும், உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் அன்றைக்கே போங்கள்.

அண்ணனிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்வதா என்பது உங்கள் வீட்டு விஷயம். சட்டம் அதில் எதுவும் சொல்லாது. ஊரில் உங்களைப் புரிந்துகொள்ளும் ஒருவராவது இருந்தால், "என்னைப் பற்றி யாராவது ஏதாவது அனுப்பினால் திறக்காதே, என்னைக் கூப்பிடு" என்று சொல்லி வையுங்கள். மிரட்டுகிறவர் கையிலிருக்கும் ஆயுதத்தின் பலம் பாதியாகிவிடும்.

மிரட்டல் தொடர்கிற நாட்களில் காத்திருப்பது அவருக்குத்தான் சாதகம். ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வஞ்சியூருக்குப் போங்கள்.