டால்ரிம்பிள் அவிழ்த்த கட்டு

அன்புள்ள கௌரிக்கு,

டால்ரிம்பிள் யார், அவர் புத்தகத்தில் எதை முதலில் படிப்பது என்று கேட்டிருந்தாய். சரித்திரம் எடுத்துப் படிக்கலாமா என்று யோசிக்கிறவளுக்கு நல்ல கேள்விதான்.

வில்லியம் டால்ரிம்பிள் ஸ்காட்லாந்துக்காரர், 1965-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே மார்க்கோ போலோ போன வழியைப் பிடித்து ஜெருசலேமிலிருந்து கிளம்பிப் போய், அதை ‘இன் சானடு’ என்று எழுதினார். படு வேடிக்கையான புத்தகம். ஆனால் அதில் ஊர்களைவிட அவர்தான் அதிகம் தெரிவார். பிறகு டெல்லியில் குடியேறி, ‘சிட்டி ஆஃப் ஜின்ஸ்’ எழுதினார்.

நீ முக்கியமாகப் பார்க்கவேண்டியது 2006-இல் வந்த ‘தி லாஸ்ட் முகல்’. 1857-இல் டெல்லியில் நடந்ததைச் சொல்வது. கலகத்தை அடக்கியபின் பிரிட்டிஷார் அள்ளிக்கொண்ட காகிதங்கள், பாரசீகத்திலும் உருதுவிலுமாகச் சுமார் 20,000, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் ராஜாங்க விஷயம் மட்டுமா இருக்கிறது? சிப்பாய்கள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒருவர் மனு கொடுக்கிறார். போன தடவை கொண்டுவந்ததற்குக் காசு வராமல் இனிமேல் சண்டை நடக்கும் இடத்துக்கு மிட்டாய் கொண்டுவர மாட்டோம் என்கிறார்கள் மிட்டாய்க்காரர்கள். ஊரே பற்றி எரியும்போது பாக்கி வசூல்! அந்தக் கிறுக்கல் உருதுவைப் படித்துக் கொடுத்தவர் மஹ்மூத் ஃபாரூக்கி. துணையில்லாமல் டால்ரிம்பிளால் அந்தக் கட்டை அவிழ்த்திருக்க முடியாது.

இந்தக் காகிதங்கள் எங்களுக்குத் தெரியாததா என்று நம் பேராசிரியர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் மிட்டாய்க்காரனைச் சாதாரண வாசகனிடம் கொண்டுவந்து சேர்த்தது இவர்தானே.

‘நைன் லைவ்ஸ்’ (2009) உனக்கு உடனே பிடிக்கும். அதில் அவர் ஒதுங்கிக்கொண்டு மற்றவர்களைப் பேசவிடுகிறார். வாரநாட்களில் கிணறு வெட்டி, சனி ஞாயிறு ஜெயில் வார்டர் வேலை பார்க்கும் மலபார்க்காரர், சீசன் வந்தால் தெய்யம் கட்டிச் சாமியாகிவிடுகிறார். சுவாமிமலை ஸ்தபதி ஒருவர், சோழர் காலத்திலிருந்து வரும் தொழில் என்கிறார். அவர் மகனுக்கோ பெங்களூரில் கம்ப்யூட்டர் படிக்க ஆசை.

நம் ஊருக்கு வருகிறேன். திருவிதாங்கூரைப் பற்றி சாமுவேல் மேட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் 1871-இல் ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’ எழுதினார். 1878-இல் திவான் பேஷ்கார் சங்குண்ணி மேனோனின் சரித்திரம் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. மேனோன் மகாராஜாக்களையும் திவான்களையும் வரிசையாகச் சொல்வார். புலையரும் பறையரும் எந்த வழியில் நடக்கக்கூடாது என்பதற்கு மேட்டீரிடம்தான் போகவேண்டும். மேட்டீர் மதம் மாற்ற வந்தவர் என்பதை மறக்காதே. மேனோன் அரண்மனைச் சம்பளக்காரர் என்பதையும்தான்.

இந்த இரண்டு புத்தகங்களையும் தவிர இன்னொன்று உன் வீட்டுக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறாயே, அந்தக் கோட்டை வட்டாரத்திலேயே அரசு மத்திய ஆவணக் காப்பகமும் ஓலைச்சுவடி மியூசியமும் இருக்கின்றன. பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் அந்தக் காப்பகத்துச் சொத்து. கட்டுக் கட்டாகச் சுருட்டி வைத்திருப்பதால் அவற்றுக்குச் சுருணை என்று பெயர். கோயில் செலவு, நிலக் கணக்கு, உத்தரவு எல்லாம் அதில் உண்டு. பழைய ஓலைகளில் வட்டெழுத்தும் தமிழும் மலையாண்மையும் வரும். டால்ரிம்பிளுக்கு ஃபாரூக்கி வேண்டியிருந்தது. தமிழும் மலையாளமும் பேசி வளர்ந்த உனக்கு எழுத்து ஒன்றுதான் பாக்கி. பழகியவர் யாரிடமாவது கேட்டுக்கொள்.

‘தி லாஸ்ட் முகல்’ என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். பின்னால் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் குறிப்புகளையும் படிக்காமல் திருப்பித் தந்தால் வாங்கமாட்டேன்.

அன்புடன்,
சித்தப்பா